ஃபோனில் போட்ட சிலுவை

1

நம் கோவில் பங்கு இதழ் படிக்கிற எல்லோருக்கும் தோத்திரம். தாம்பரம் கடப்பேரியில் பழைய ஆட்களைக் கேட்டால் வெல்டிங் சவரி என்று சொல்வார்கள். அந்தச் சவரிமுத்துதான் எழுதுகிறேன். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்கு வந்து இருபத்தொரு வருஷம் ஆகிறது. வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்கள் வீட்டு ஜெபத்தைப் பற்றி எழுதி அனுப்புங்கள் என்று பங்குச் சாமியார் வாட்ஸப்பில் கேட்டிருந்தார். படித்தவர்கள் யாராவது எழுதுவார்கள் என்று மூன்று மாதம் பார்த்தேன். டாக்டர் இருக்கிறார், இன்ஜினியர் இருக்கிறார், ஒருத்தரும் எழுதவில்லை. அதனால் ஆறாம் வகுப்போடு நின்ற நான் எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

கடப்பேரியிலிருந்து கொண்டுவந்த திருஇருதய ஆண்டவர் படத்தை எங்கள் பெர்த் வீட்டில் மந்திரித்து மாட்டி இந்த ஜூன் மாதத்தோடு இருபது வருஷம் முடிந்தது. அந்த நாளில் ஒரு சம்பவம் நடந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் பழைய கதை கொஞ்சம் சொல்ல வேண்டும்.

2

மறைமலை நகரில் கார்களுக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு ஃபேக்டரியில் பதினோரு வருஷம் வெல்டராக இருந்தேன். காலை ஷிப்டுக்குத் தாம்பரத்தில் ரயில் ஏறுவோம். கடைசிப் பெட்டியில் நம் ஆட்கள் ஒன்பது பேர். அந்தப் பெட்டியில் ஜெபமாலை சொல்கிற வழக்கத்தைத் தொடங்கியவன் நான்தான். கூட்டத்தில் மணி உருட்ட இடம் இருக்காது. மேலே கம்பியைப் பிடித்திருக்கும் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தி எண்ணிக்கொள்வோம். பெருங்களத்தூரில் ஜெபமாலையின் முதல் பத்து முடியும், வண்டலூரில் இரண்டாவது, ஊரப்பாக்கத்தில் மூன்றாவது, கூடுவாஞ்சேரியில் நான்காவது, பொத்தேரியில் ஐந்தாவது. காட்டாங்குளத்தூரில் மாதா பிரார்த்தனை நடுவில் இருப்போம். மறைமலை நகரில் கடைசிச் சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினால் சங்கு ஊதச் சரியாக இருக்கும்.

மாதா பிரார்த்தனை முழுவதையும் புத்தகம் இல்லாமல் சொல்ல அந்தப் பெட்டியில் என்னை விட்டால் ஆள் கிடையாது. எங்கள் சூப்பர்வைசர் பி.ஏ. படித்தவர், அவரே பாதியில் தடுமாறுவார். நான்தான் எடுத்துக் கொடுப்பேன். விநாயகம் என்று ஒரு ஃபிட்டர் எங்களோடு தினமும் வருவார். நம் மதம் இல்லை. நாலு வருஷம் கேட்டுக் கேட்டு அவரே "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். வண்டி எங்கேயாவது சிக்னலில் நின்றால், "இன்னா சவரி, வண்டி நிக்குது, நீ மட்டும் பூட்டுகினே கீற, ஸ்டேஷன் வர்றதுக்குள்ள முடிஞ்சிடப் போவுது" என்பார்.

சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டில் ஜெபம். நான், என் வீட்டம்மா பிலோமினா, மகள் ஜெசிந்தா, மகன் அருள். ஜெபம் முடிந்ததும் சின்னவர்கள் பெரியவர்களிடம் வந்து "தோத்திரம்" சொல்ல வேண்டும், பெரியவர் கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை போட வேண்டும். இது நம் எல்லோர் வீட்டிலும் உள்ளதுதான். எங்கள் வீட்டில் மட்டும் இதற்கு ஒரு சட்டம் உண்டு. அது வந்த கதை இது.

அருளுக்கு ஏழு வயது. என் வெல்டிங் கண்ணாடியை எடுத்துப்போய், சூரியனைப் பார்க்கிறேன் என்று பக்கத்து வீட்டுக் கிணற்றில் போட்டுவிட்டான். அடித்தேன். சாயங்காலம் ஜெபம் முடிந்ததும் விசும்பிக்கொண்டே வந்து நெற்றியைக் காட்டினான். போட்டேன். மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கண்ணாடி ஞாபகம் வந்து மறுபடி திட்ட ஆரம்பித்தேன். அவன் நிமிர்ந்து பார்த்து, "அப்பா, அதான் நேத்தே சிலுவ போட்டுட்டீங்களே" என்றான். திட்டுவதை நிறுத்திவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினேன். அன்றைக்கே சட்டமாக்கினேன். தோத்திரம் சொல்லி நெற்றியைக் காட்டினால் எவ்வளவு கோபம் இருந்தாலும் பெரியவர் மறுக்கக் கூடாது. போட்ட பிறகு அந்தச் சண்டையை யாரும் மறுபடி எடுக்கக் கூடாது. அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒருநாளும் யாரும் மறுத்ததில்லை.

3

சுரங்க மெஷின் செய்கிற பெர்த் கம்பெனி ஒன்று சென்னையில் வெல்டர்களுக்கு டெஸ்ட் வைத்தது. ஐ.டி.ஐ. படித்தவர்கள் வரிசையில் நின்றார்கள். நான் பற்றவைத்த பைப்பை அறுத்துப் பார்த்த வெள்ளைக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவ்வளவுதான் இண்டர்வியூ. ஆங்கிலப் பரீட்சையில் மட்டும் இரண்டு தடவை தோற்று மூன்றாவது தடவை தேறினேன். நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

பெர்த் விமான நிலையத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். செடி, விதை, மரச்சாமான் கொண்டுவருகிறாயா என்று கேட்டிருந்தது. என் கழுத்தில் வேளாங்கண்ணியில் வாங்கிய ஜெபமாலை, காட்டு விதையில் கோத்தது. ஜெபமாலை எப்படி விதை ஆகும்? இல்லை என்று டிக் அடித்துவிட்டேன். சோதனை செய்த அம்மாள் அதைக் கழற்றச் சொன்னார். "நோ பிளான்ட் மேடம், திஸ் பிரேயர்" என்றேன். அந்த அம்மாள் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் மாலையைப் பையில் போட்டு ஒரு சீட்டைக் கையில் கொடுத்துவிட்டார். அபராதம் இல்லாமல் விட்டதே பெரிது என்று பிறகுதான் தெரிந்தது. திருஇருதய ஆண்டவர் படத்தின் மரச்சட்டத்தைப் பின்னால் டார்ச் அடித்துப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தார். பூச்சி இல்லை. என் அம்மா மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து வைத்த படம்.

ஒரு மாதம் விரலில் எண்ணி ஜெபம் சொன்னேன். பிறகு கம்பெனியில் கழித்துப்போட்ட ஸ்டீல் குண்டுகளைக் கேட்டு வாங்கி, ஐம்பத்தொன்பது குண்டையும் கம்பியில் பற்றவைத்து நானே ஒரு ஜெபமாலை செய்தேன். அதைப் பார்த்து பிலோமினா, "இன்னாங்க இது, ஜெபமாலையா, நாய கட்ற சங்கிலியா?" என்றாள். இன்றைக்கும் ஒரு பற்று விட்டதில்லை.

பிலோமினாவுக்கும் மொழிச் சிக்கல் வந்தது. அவள் அம்மாவின் வருஷ நினைவுக்குப் பூசை கொடுக்கக் கோவில் ஆபீசுக்குப் போய், "மை மதர் எக்ஸ்பயர்ட்" என்றிருக்கிறாள். அங்கே இருந்த வெள்ளைக்கார அம்மாள் தோளைத் தொட்டு, "அந்த வார்த்தையை நாங்கள் பாலுக்குத்தான் சொல்வோம்" என்றாராம். வீட்டுக்கு வந்ததும் பால் டப்பாவில் அந்த வார்த்தையைத் தேடிப் பார்த்தாள்.

பிள்ளைகள் வளர வளர ஜெபம் தேய்ந்தது. ஏழு மணிக்கு அருளுக்கு ஃபுட்பால் பயிற்சி, எட்டு மணிக்கு ஜெசிந்தாவுக்குப் பரீட்சை. முழு ஜெபமாலை என்பது வார நாளில் ஒரு பத்தாகக் குறைந்தது. முதல் பாதியைப் பிள்ளைகள் இங்கிலீஷில் சொல்வார்கள், அடுத்த பாதியை நாங்கள் தமிழில் சொல்வோம். மாதாவுக்கு இரண்டும் புரியும் என்று பிலோமினா சமாதானம் சொல்வாள். பதினேழு வயதில் அருள் ஜெபத்துக்கு உட்காருவதை நிறுத்தினான். நம்பிக்கை இல்லை என்றான். கத்திப் பார்த்தேன், நடக்கவில்லை. ஆனால் ஜெபம் முடிகிற சத்தம் கேட்டதும் ரூமைத் திறந்துகொண்டு வருவான். காதில் மாட்டியதைக் கழற்றிவிட்டுக் குனிவான். "தோத்திரம்பா." போடுவேன். திரும்பப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். அது ஒன்றை மட்டும் அவன் விடவில்லை.

4

படிப்பு முடிந்து அருள் வேலைக்குச் சேர்ந்த கம்பெனி சென்னைப் பக்கம் நாவலூரில் ஆபீஸ் திறந்து, போகிறாயா என்று கேட்டது. சரி என்றுவிட்டான். எனக்கு எரிச்சல்தான். நான் என் கையால் பற்றவைத்துப் பற்றவைத்து இவனைத் தாம்பரத்திலிருந்து பெர்த்துக்குக் கொண்டுவந்தால், இவன் திரும்பி நாவலூருக்குப் போகிறான். தாம்பரத்துக்கும் நாவலூருக்கும் பஸ்ஸில் ஒரு மணி நேரம்.

அங்கே கலைவாணி என்ற பெண்ணைப் பார்த்தான், கூட வேலை செய்கிறவள். கோவளத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை ரெஜிஸ்டர் ஆபீசில் கல்யாணத்தை முடித்துவிட்டு, மறுநாள் ஃபோன் செய்து சொன்னான்.

பெண் இந்து என்பதில் எனக்குக் கோபம் இல்லை. கோபம் வேறு. கல்யாணத்துக்குக் கிளம்பும்போது மாப்பிள்ளை வீட்டில் முழங்கால் போட்டு அப்பா, அம்மாவிடம் சிலுவை வாங்கிக்கொண்டுதான் வாசலைத் தாண்ட வேண்டும். என் அப்பா எனக்குப் போட்டார். அவருக்கு அன்றைக்கு நூறு டிகிரி காய்ச்சல், படுத்த பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்து போட்டார். அதை எனக்கு இல்லாமல் செய்துவிட்டான். ஃபோனில் அதைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு. "இனிமே என் வூட்டு ஜெபத்துல உன் பேரு கெடையாது" என்றேன். அவன் "சரிப்பா" என்றான். அதோடு சரி.

பிலோமினா அவனோடு அடுக்களையில் பேசிக்கொள்வாள். நான் ஹாலுக்கு வந்தால் குரலைத் தாழ்த்துவாள். ஜெபத்தில் ஒவ்வொருவர் பேராகச் சொல்லி வேண்டும்போது அருள் பேரை நான் தாண்டுவேன். அவள் வாய் மட்டும் ஒரு கணம் அசையும். நான் பார்க்காத மாதிரி இருப்பேன்.

5

இந்த ஜூனில் படத்தின் இருபதாவது வருஷம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிலோமினா பாயசம் வைத்தாள். ஜெபம் முடிந்து உட்கார்ந்திருக்கும்போது என் ஃபோன் அடித்தது. வீடியோ கால். அருள். பிலோமினா ஏற்பாடு என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. "அடுப்புல பால் கீது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எடுத்தேன். இரண்டு வருஷம் கழித்துப் பார்க்கிறேன். கொஞ்சம் பெருத்திருந்தான்.

"நல்லா இருக்கீங்களாப்பா?"

"எனக்கென்ன."

"கலைக்கு அஞ்சு மாசம்."

"தெரியும்."

பிறகு அவன் தலையைக் குனிந்தான். திரை முழுக்க அவன் நெற்றியும் முன்மயிரும்தான். என்னைப் போலவே இரண்டு பக்கமும் ஏறியிருந்தது.

"தோத்திரம்பா" என்றான்.

சட்டம் எனக்கும்தான். மறுக்கிற எண்ணமும் இல்லை. கட்டைவிரலை அவன் நெற்றியில் வைத்து மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தேன். குறுக்குக் கோடு போடுவதற்குள் திரை கறுப்பாகிவிட்டது. அப்புறம் ஃபோன் முகப்பில் நான் வைத்திருக்கிற ஜெசிந்தா பிள்ளைகளின் படம் வந்தது.

பாதிச் சிலுவையில் கட் பண்ணிவிட்டான். கேட்டதே விளையாட்டுக்குத்தான், என்னைக் குனிய வைத்துப் பார்த்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். அவன் திரும்பக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. பிலோமினா கரண்டியோடு வந்து பேசினீர்களா என்றாள். உன் பிள்ளை கட் பண்ணிவிட்டான் என்றேன். மறுநாள் அவள் அவனிடம் கேட்டிருக்கிறாள். "விடும்மா" என்பதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை. அப்பனும் பிள்ளையும் ஒரே அச்சு என்று முனகிக்கொண்டு போனாள்.

6

ஏழு வாரம் போனது. ஜெசிந்தா மெல்போர்னில் நர்ஸாக இருக்கிறாள். அவளுடைய பெண் ரியாவுக்கு ஆறு வயது. நீச்சல் போட்டிக்குப் போகிறேன், சிலுவை போடுங்கள் என்று வீடியோ காலில் வந்தாள். போட்டேன். திரை கறுப்பானது. உடனே திரும்பக் கூப்பிட்டாள்.

"தாத்தா, நீங்க மறுபடியும் கட் பண்ணிட்டீங்க."

"நான் எங்கடா கட் பண்ணேன்?"

"எவ்ரி டைம் பண்றீங்க தாத்தா. கிராஸ் போடும்போது கீழ ரெட் பட்டனத் தொடறீங்க. அம்மாதான் சொல்லாதேன்னாங்க. தாத்தா ஃபீல் பண்ணுவாராம்."

போட்டியில் ஜெயித்துவிட்டு வா என்று சொல்லி வைத்தேன். பிலோமினாவை அவள் ஃபோனோடு அடுக்களையில் நிற்கச் சொல்லி, ஹாலிலிருந்து வீடியோ கால் போட்டேன். அவள் நெற்றியில் விரலை வைத்து இழுத்தேன். விரல் பட்டதும் கீழே பட்டன்கள் வருகின்றன. கீழ்க்கோடு போய்ச் சிவப்புப் பட்டனில் முடிகிறது. மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் கட்.

பிலோமினா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "வெல்டிங் டெஸ்ட்ல கைய குலுக்கினானாம், இங்க பாரு" என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றுவிட்டாள்.

"அப்ப அருளு?" என்றாள்.

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் குனிந்திருந்தான். என் விரலை அவன் பார்த்திருக்க முடியாது. தோத்திரம் சொல்லிக் குனிந்தான், நிமிர்ந்தபோது நான் இல்லை. அந்தச் சட்டம் வைத்த நாளிலிருந்து யாரும் மறுக்காத ஒன்றை நான் மறுத்துவிட்டேன் என்றுதான் ஏழு வாரமும் அவன் நினைத்திருப்பான்.

அவள் உடனே கூப்பிட்டுப் பட்டன் கதையைச் சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டாள், நான் பக்கத்தில் இருப்பது அவனுக்குத் தெரியாது.

"அம்மா, அப்பாவுக்குத் தெரியாத ஃபோனா? எனக்கே கத்துக் குடுப்பார். கோவம்னா கோவம்னு சொல்லட்டும். அவருக்காக நீங்க கதை சொல்லாதீங்கம்மா" என்றான்.

இதில் அவன் மேல் தப்புச் சொல்ல முடியாது. புது ஃபோன் வாங்கினால் பிள்ளைகள் சொல்லிக்கொடுக்க வருவதற்கு முன்னால், எனக்குத் தெரியும், நீ போ என்பேன். கார், வரிப் படிவம், வாஷிங் மெஷின் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். படிக்காதவன் தெரியாது என்று ஒரு தடவை சொன்னால் பிறகு யாரும் மதிக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். நாற்பது வருஷமாக அந்த வார்த்தையை என் வீட்டில் யாரும் என் வாயிலிருந்து கேட்டதில்லை. இப்போது தெரியவில்லை என்றால் எவன் நம்புவான்? மூன்று நாள் மூன்று தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

7

நேரில் போகிறேன் என்றேன். பிலோமினா, "நீங்க மட்டும் போங்க. நான் வந்தா நான்தான் பேசுவேன், நீங்க வேடிக்க பாப்பீங்க" என்றாள்.

என்னிடம் ஆஸ்திரேலிய பாஸ்போர்ட். வெளிநாட்டு இந்தியர் அட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஜெசிந்தா பல தடவை சொல்லியும், நான் எதற்குத் திரும்பி வாழப் போகிறேன் என்று எடுக்கவில்லை. ஆகவே விசா. கம்ப்யூட்டரில் நானே உட்கார்ந்து நிரப்பினேன். இந்தியாவில் உன்னைத் தெரிந்தவர் யார், பேர், முகவரி, ஃபோன் எழுது என்று ஒரு கட்டம். பழைய ஆட்களில் பாதிப் பேர் இல்லை. யோசித்துவிட்டு அருள் பேரைப் போட்டேன். உறவு என்ற இடத்தில் மகன். முகவரியில் கை நின்றது. என் பிள்ளையின் வீட்டு முகவரி எனக்குத் தெரியாது. அடுக்களையைப் பார்த்துக் கேட்டேன். பிளாக், மாடி, கதவு எண், பின்கோடு வரைக்கும் கறிவேப்பிலை உருவிக்கொண்டே பாராமல் ஒப்பித்தாள்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் மூன்று மணிக்கு நாவலூரில் அந்த அபார்ட்மெண்ட் கேட்டில் பெட்டியோடு இறங்கினேன். சொல்லாமல்தான் வந்தேன். சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுவானோ என்று. கேட்டில் செக்யூரிட்டிக்காரர் ஒருவர், என் வயதிருக்கும், கையில் டேப்லெட் வைத்திருந்தார்.

"எந்த ஃபிளாட்டு சார்? அவுங்க அப்ரூவ் குடுத்தாதான் உள்ள வுட முடியும்."

"நான் அவன் அப்பன்யா."

"அப்பாவா இருந்தாலும் அதான் சார் ரூலு. ஒரு வாட்டி ஓனரையே நிக்க வெச்சிட்டோம்."

டேப்லெட்டை என் பக்கம் திருப்பினார். டெலிவரி, கேப், வேலையாள், விருந்தாளி என்று நாலு கட்டம் இருந்தது. அப்பாவுக்குக் கட்டம் இல்லை. விருந்தாளியைத் தொட்டார். என் முகத்தைப் படம் எடுத்தார். அது நேராக அருளின் ஃபோனுக்குப் போகுமாம். அவன் அங்கே ஆபீசில் இருந்தபடி சரி என்று தொட்டால் பச்சை, வேண்டாம் என்று தொட்டால் சிவப்பு.

நாற்காலி கொடுத்தார். உட்காரவில்லை. டேப்லெட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு மீன் வண்டி வந்து போனது. இரண்டு டெலிவரிப் பையன்களுக்குப் பச்சை வந்து உள்ளே போனார்கள். "மீட்டிங்ல இருப்பாரு சார். இல்லாங்காட்டி பாத்துகினு யோசிச்சுகினு இருப்பாரு. ரெண்டுத்துல ஒண்ணு" என்றார் செக்யூரிட்டிக்காரர். நல்ல மனிதர், பொய் ஆறுதல் சொல்லவில்லை.

இருபது நிமிஷம் போல ஆனது. பச்சை வந்தது.

8

கதவைத் திறந்தது கலைவாணி. ஏழு மாதம். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். வளைகாப்பு முடிந்திருக்கிறது, எனக்குச் சேதி இல்லை. யார் மேல் குறை சொல்ல?

"வாங்க மாமா. அவர் இப்பதான் ஃபோன் பண்ணார், அப்பா கீழ நிக்கிறார்னு. ஆறு மணிக்கு வந்துடுவார்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுக்கப் போனாள். தடுத்தேன். மோர் கொடுத்தாள். அலமாரியில் முருகன் படம், விளக்கு. நம் படம் எதுவும் இல்லை. எதிர்பார்த்ததுதான்.

அவள் எதிரில் உட்கார்ந்தாள். ஏதோ கேட்க நினைத்து விழுங்குவது தெரிந்தது. கேளும்மா என்றேன்.

"அந்தச் சிலுவ போடும்போது வாயில என்ன சொல்லணும் மாமா?"

"எதுக்கும்மா?"

"இவர் தெனமும் எனக்குப் போடுவார். ஜெபம், கோயில் எதுக்கும் போக மாட்டார். இத மட்டும் விட மாட்டார். சண்ட போட்டுட்டு நான் மூஞ்சத் திருப்பிக்கிட்டாலும் வந்து போடுவார். போட்டுட்டு, முடிஞ்சிடுச்சு, நாளைக்கு இதப் பேசக் கூடாதும்பார். வாயில ஏதோ முணுமுணுப்பார். என்னன்னு கேட்டா, தெரியாது, எங்கப்பா இப்பிடித்தான் முணுமுணுப்பாருங்கறார். கொழந்த பொறந்தா நானும் போடணும்ல, அதான் கேக்கறேன்."

நான் மோரைக் குடித்து முடித்தேன். டம்ளரைக் கீழே வைத்தேன்.

"பெருசா ஒண்ணும் இல்லம்மா. பிதா, சுதன், பரிசுத்த ஆவி பேரால. அப்புறம், ஆண்டவரே, இது உம்ம புள்ள, பாத்துக்கோங்க. அவ்ளோதான்" என்றேன்.

அவள் இரண்டு தடவை மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "ஜூன்ல உங்ககிட்ட பேசின அன்னியிலேர்ந்து மாமா, அவர் எனக்குப் போடும்போது கை ஒரு மாதிரி தயங்குது" என்றாள். எழுந்து போய் விளக்கேற்றினாள்.

ஆறு மணி தாண்டி அருள் வந்தான். பைக் சத்தம் கேட்டது, லிப்ட் சத்தம் கேட்டது. கதவுக்குள் வந்து நின்றான். தோளில் பை, கழுத்தில் ஆபீஸ் அட்டை, காலில் ஷூ. "எப்ப வந்தீங்க?" என்றான். கேட்டில் படம் பார்த்து உள்ளே விட்டவன் அவன்தான், இருந்தாலும் கேட்டான். மூன்று மணிக்கு என்றேன்.

விமானத்தில் வரும்போது நிறையப் பேச்சு தயார் செய்திருந்தேன். கல்யாணத்துக்குச் சொல்லாதது, என் அப்பாவின் காய்ச்சல், நான் பட்ட பாடு, எல்லாம் வரிசையாக இருந்தது. அவன் ஷூவைக்கூடக் கழற்றாமல் நிற்பதைப் பார்த்ததும் அந்த வரிசை போய்விட்டது. எழுந்து என் ஃபோனைப் பையிலிருந்து எடுத்து அவனிடம் நீட்டினேன்.

"அருளு, எனக்கு இத யூஸ் பண்ணத் தெரியலடா" என்றேன்.

"என்னப்பா?"

"தெரியல. சிலுவ போடறப்ப பட்டன் பட்டுக் கட் ஆயிடுது. நான் போட்டுகினுதான் இருந்தேன். எனக்குத் தெரியல."

அவன் ஃபோனை வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கலைவாணி அடுக்களை வாசலில் வளையல் சத்தம் வராமல் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் பையைத் தரையில் வைத்தான். இரண்டு எட்டு வந்து, ஷூவோடு, என் முன்னால் குனிந்தான்.

"தோத்திரம்பா."

வெயிலில் பைக்கில் வந்தவன். நெற்றி முழுக்க வியர்வை. கட்டைவிரல் வழுக்கிக் கோடு கோணலாகப் போனது. என் சட்டையால் அவன் நெற்றியைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதுவரைக்கும் அவன் நிமிரவில்லை.